அத்தியாயம் 6: பழைய அவுட்போர்டு எஞ்சினுக்கு மாறுவதற்கு முன்

2004 சுனாமிக்குப் பிறகு பாம்பன், தூத்துக்குடி, குளச்சல் என்று தென்கரை நெடுகிலும் ஃபைபர் படகுகள் பெருகின. அவற்றில் பலவும் 8 அல்லது 9.9 குதிரைத்திறன் அவுட்போர்டு எஞ்சினோடு கடலில் இறங்கியவை. கரையோரத்தில் மீன் குறைந்து, வலை விடும் இடம் தள்ளித் தள்ளிப் போனபோது அந்த எஞ்சின் போதாது என்று படகுக்காரர்களுக்குத் தோன்றத் தொடங்கியது. புது எஞ்சினுக்குக் கையில் பணம் இல்லாதவர் பழைய 15 அல்லது 25 குதிரைத்திறன் எஞ்சினைத் தேடிப் போகிறார்.

தேடுவதில் தவறில்லை. ஒழுங்காகப் பராமரித்த பழைய எஞ்சின் இன்னும் பல வருடம் உழைக்கும். ஆனால் பெரும்பாலானவர்கள் எஞ்சினை முதலில் பார்த்துவிட்டு, படகைப் பற்றிக் கடைசியில் யோசிக்கிறார்கள். நஷ்டம் அங்கேதான் தொடங்குகிறது. எஞ்சின் எந்த வேலைக்கு வேண்டும், படகு எதைத் தாங்கும், ஒரு நாள் ஓட்டத்துக்கு எவ்வளவு எண்ணெய் செலவாகும் என்ற மூன்றுக்கும் விடை தெரிந்த பிறகுதான் விற்பவரின் வீட்டுக்குப் போக வேண்டும்.

பணம் மட்டும் என்றால் இத்தனை எச்சரிக்கை தேவைப்படாது. ராமேஸ்வரம் பக்கம் எஞ்சின் நின்றுபோன படகை நீவாடு (கடல் நீரோட்டம்) இழுத்துக்கொண்டு போனால், 1974, 1976 ஒப்பந்தங்கள் வரைந்த எல்லைக் கோட்டைத் தாண்டிவிடும். குமரிக் கரையில் அலை உடையும் இடத்தில் எஞ்சின் நின்றால் படகு குறுக்கே திரும்பிக் கவிழும். பழைய எஞ்சினைச் சோதிக்கச் செலவிடும் ஒரு நாள், படகில் ஏறும் நாலு பேருடைய உயிருக்காகச் செலவிடும் நாள்.

முதலில் படகு

எந்தப் படகுக்கும் ஓர் இயல்பான வேகம் உண்டு. தண்ணீரைக் கிழித்துக்கொண்டு போகும் வரை படகு தானே எழுப்பும் அலைக்குள் சிக்கிக் கிடக்கும். அந்த வேகத்தைக் கணக்கிடுவது எளிது. தண்ணீரில் படும் நீளத்தை அடியில் அளந்து, அதன் வர்க்கமூலத்தை 1.34-ஆல் பெருக்கினால் வேகம் நாட் கணக்கில் கிடைக்கும். 22 அடிப் படகில் தண்ணீரில் படுவது 20 அடி என்றால், 20-இன் வர்க்கமூலம் 4.47. விடை சுமார் 6 நாட், அதாவது மணிக்கு 11 கிலோமீட்டர். நல்ல நிலையில் உள்ள 9.9 எஞ்சின் சாதாரணமாக இந்த வேகத்தைத் தந்துவிடும்.

இதற்கு மேல் போக இரண்டு வழிகள். ஒன்று, அதே அலைக்குள் இருந்துகொண்டு முட்டுவது. அந்த நிலையில் வேகத்தை 10 சதவீதம் கூட்டவே மூன்றில் ஒரு பங்கு கூடுதல் சக்தி வேண்டும். எஞ்சின் உறுமும், எண்ணெய் தீரும், படகு நகர மறுக்கும். இன்னொன்று, அணியம் (முன்பக்கம்) தூக்கி, தண்ணீருக்கு மேலே சறுக்கிக்கொண்டு ஓடுவது. அப்படி ஓடத் தட்டையான அடியும், குறைந்த பாரமும், பாரத்துக்கேற்ற சக்தியும் மூன்றும் சேர வேண்டும்.

ஆகவே வீட்டிலேயே முடிவு செய்ய வேண்டிய கேள்வி இது: வலை, ஐஸ் பெட்டி, எண்ணெய் கேன், ஆட்கள் எல்லாம் ஏறிய பிறகு இந்தப் படகு சறுக்கி ஓடுமா? உருண்ட அடியும் ஆழமான கட்டையும் கொண்ட வள்ளம் எத்தனை குதிரைத்திறன் மாட்டினாலும் சறுக்காது. கனமான செவுள் வலையை ஏற்றிப் போகும் படகு, போகும்போது சறுக்கினாலும் மீன் பாட்டோடு திரும்பும்போது சறுக்காது. ஆனால் தூண்டிலுக்கும் கணவாய்க்கும் இரண்டு பேரோடு போகும் இலகுவான ஃபைபர் படகுக்கு 25 குதிரைத்திறன் உண்மையிலேயே உதவும். சந்தேகம் இருந்தால் அதே அச்சில் வார்த்த, பெரிய எஞ்சின் மாட்டிய படகு பக்கத்தில் யாரிடம் இருக்கிறது என்று விசாரித்து, முழுப் பாரத்தோடு ஒரு நாள் கூடப் போய்ப் பார்ப்பதே நல்ல சோதனை.

அடுத்தது பின்பலகை. எஞ்சின் தொங்குவதும் அங்கேதான், தள்ளுவதும் அங்கேதான். பல ஃபைபர் படகுகளில் வெளியே ஃபைபர் இருந்தாலும் உள்ளே பிளைவுட் அல்லது மரப்பலகை இருக்கும். போல்ட் துளை வழியாகத் தண்ணீர் இறங்கினால் அது உள்ளுக்குள்ளேயே உளுத்துப்போகும், வெளியே ஒன்றும் தெரியாது. ஒரு ஸ்பேனரின் கைப்பிடியால் பலகை முழுக்கத் தட்டிப் பார்க்க வேண்டும். கணீரென்று கேட்டால் நல்லது. மத்தென்று கேட்டால் உள்ளே ஈரம். பழைய எஞ்சினைச் சாய்த்து வைத்து, அதன் அடித்துடுப்பைப் பிடித்து மேலும் கீழும் அழுத்தும்போது பின்பலகை லேசாக வளைந்தால், பெரிய எஞ்சின் பேச்சை நிறுத்திவிட்டு முதலில் பலகையைப் பிரித்துக் கட்ட வேண்டும்.

எண்ணெய்க் கணக்கு

பழைய டூ-ஸ்ட்ரோக் அவுட்போர்டு, முழு வேகத்தில் ஒரு குதிரைத்திறனுக்கு ஒரு மணி நேரத்தில் ஏறக்குறைய 0.45 லிட்டர் பெட்ரோல் குடிக்கும். ஃபோர்-ஸ்ட்ரோக் என்றால் இது 0.33 லிட்டர் அளவுக்கு இறங்கும். டூ-ஸ்ட்ரோக் கணக்கில் 9.9 எஞ்சின் மணிக்கு சுமார் 4.5 லிட்டர், 15 எஞ்சின் 7 லிட்டர், 25 எஞ்சின் 11.25 லிட்டர், 40 எஞ்சின் 18 லிட்டர்.

வலை விடும் இடம் கரையிலிருந்து 12 கிலோமீட்டரில் இருக்கிறது என்று வைத்துக்கொண்டு கணக்குப் போட்டால் விஷயம் விளங்கும். 9.9 எஞ்சின் மணிக்கு 11 கிலோமீட்டரில் ஓட்டி ஒரு மணி ஐந்து நிமிடத்தில் சேரும், செலவு சுமார் 5 லிட்டர். அதே படகு 25 எஞ்சினில் இலகுவாகச் சறுக்கி 26 கிலோமீட்டர் வேகத்தில் ஓடினால் 28 நிமிடத்தில் சேரும், செலவு 5.2 லிட்டர். கிட்டத்தட்ட அதே எண்ணெயில் அரை மணி நேரத்துக்கு மேல் மிச்சம். ஆனால் பாரத்தால் படகு சறுக்காமல் 13 கிலோமீட்டரிலேயே முட்டிக்கொண்டு நின்றால் 55 நிமிடம் ஆகும், எண்ணெய் 10.4 லிட்டர். இரண்டு மடங்கு செலவழித்து மிச்சமானது பத்தே நிமிடம்.

ஒரே எஞ்சின் ஒரு படகில் லாபமாகவும் இன்னொரு படகில் கடனாகவும் மாறுவது இந்த வித்தியாசத்தால்தான். இந்தக் கணக்கைத் தன் படகுக்கும், தான் போகும் தூரத்துக்கும் ஒரு தாளில் எழுதிப் பார்க்காமல் யாரும் முன்பணம் கொடுக்கக் கூடாது.

குதிரைத்திறன் போட்டி எங்கே கொண்டுபோய் விடும் என்பதைக் கேரளக் கரை காட்டியிருக்கிறது. 1980-களில் சிறிய எஞ்சின்களோடு தொடங்கிய அங்குள்ள மோட்டார் வள்ளங்களில், பெரிய வளைப்பு வலை போடுபவை ஒரே வள்ளத்தில் 40 குதிரைத்திறன் எஞ்சின்கள் இரண்டு மூன்று மாட்டும் நிலைக்கு வந்தன. பக்கத்துப் படகு ஏற்றியதால் நாமும் ஏற்றுவது என்று தொடங்கினால், கடைசியில் எல்லோருக்கும் எண்ணெய்ச் செலவு ஏறியிருக்கும், மீன் அதே மீன்தான்.

படகு எப்படியும் சறுக்காது என்று தெரிந்துவிட்டால், டீசல் எஞ்சினையும் நீண்ட வால் தண்டையும் யோசித்துப் பார்க்கலாம். சோழமண்டலக் கரையில் பல ஃபைபர் படகுகள் அப்படித்தான் ஓடுகின்றன. டீசல் எஞ்சின் ஒரு குதிரைத்திறனுக்கு மணிக்கு கால் லிட்டர் அளவிலேயே நின்றுகொள்ளும்.

மண்ணெண்ணெயா, பெட்ரோலா

பழைய சந்தையில் மண்ணெண்ணெய் எஞ்சின் நிறையக் கிடைக்கும். பெட்ரோலில் ஸ்டார்ட் செய்து, சூடேறியதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றி, நிறுத்துவதற்கு முன் மறுபடி பெட்ரோலுக்குத் திரும்ப வேண்டிய எஞ்சின் இது. கம்பெனியே மண்ணெண்ணெய்க்கென்று செய்த மாடலில் அமுக்கம் குறைவாக வைத்திருப்பார்கள். பெட்ரோல் எஞ்சினை வாங்கி, ஹெட் காஸ்கெட்டைத் தடிப்பாக்கி உள்ளூரில் மாற்றியதும் சந்தையில் உண்டு. அப்படி மாற்றிய எஞ்சினில் எரியாத எண்ணெய் கரியாகப் படிந்து பிஸ்டன் ரிங்கைப் பிடித்துக்கொள்ள வாய்ப்பு அதிகம். மண்ணெண்ணெய் எஞ்சின் என்றால் மாடல் தகட்டைப் பார்த்து, அது கம்பெனி மாடலா என்று உறுதி செய்ய வேண்டும்.

மானிய விலையை மட்டும் நம்பி எஞ்சின் வாங்குவது எவ்வளவு ஆபத்து என்பதற்கு இலங்கையின் வடகரை கண்ணெதிரே இருக்கிறது. 2022 ஆகஸ்டில் அங்கே ஒரு லிட்டர் மண்ணெண்ணெய் 87 ரூபாயிலிருந்து ஒரே இரவில் 340 ரூபாயானது. மண்ணெண்ணெய் எஞ்சினை நம்பியிருந்த சிறு படகுக்காரர்களின் தொழில் ஆட்டம் கண்டது. இங்கேயும் மானிய எண்ணெயின் அளவும் விலையும் அரசின் கையில் இருக்கின்றன. முழு விலைக்கு வாங்கினாலும் தொழில் கட்டுமா என்று ஒருமுறை கணக்குப் போட்டுவிட்டுத்தான் மண்ணெண்ணெய் எஞ்சினைத் தொட வேண்டும்.

எடையும் உயரமும்

துறைமுகத்தில் படகைக் கட்டி வைப்பவருக்கு எஞ்சின் எடை ஒரு எண் மட்டுமே. மணல் கரையில் ஏற்றுபவருக்கு அது தோள்பட்டை. தினமும் எஞ்சினைக் கழற்றி, கம்பில் கட்டி இரண்டு பேர் வீட்டுக்குச் சுமந்து போகும் ஊர்களில் 10 கிலோ கூடினாலே வித்தியாசம் தெரியும். யமஹா என்டியூரோ 15 டூ-ஸ்ட்ரோக் சுமார் 36 கிலோ. சுசுகி டிஎஃப்20 ஃபோர்-ஸ்ட்ரோக் சுமார் 44 கிலோ. அதே அளவு யமஹா ஃபோர்-ஸ்ட்ரோக் 50 கிலோவைத் தாண்டும். பின்னணியத்தில் எடை கூடினால் அணியம் தூக்கிக்கொண்டு நிற்கும், அலை உடைப்பில் உள்ளே நுழையும்போது பின்னாலிருந்து தண்ணீர் ஏறும். எஞ்சினோடு கூடவே எண்ணெய் கேனும் பெரிதாகும் என்பதையும் சேர்த்து எண்ண வேண்டும். ஐஸ் பெட்டியையும் கேனையும் நடுவுக்கு நகர்த்த இடம் இருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும்.

அவுட்போர்டு பொதுவாகக் குட்டைத் தண்டு, நீளத் தண்டு என்று இரண்டு அளவில் வரும். குட்டைக்குப் பின்பலகை உயரம் 15 அங்குலம், நீளத்துக்கு 20 அங்குலம். விசிறிக்கு மேலே தட்டையாக நீட்டிக்கொண்டிருக்கும் தகடு படகின் அடிமட்டத்துக்குச் சமமாக, அதிகம் போனால் ஓர் அங்குலம் கீழே இருக்க வேண்டும். தண்டு குட்டையாகிப்போனால் அலை ஏறி இறங்கும்போதெல்லாம் விசிறி காற்றை வாரி எஞ்சின் வீறிடும். நீளமாகிப்போனால் தண்ணீர் இழுவை கூடும், பாக் விரிகுடாவின் ஆழமில்லாத இடங்களில் அடித்துடுப்பு தரையில் உரசும். விற்பவரைப் பார்க்கப் போகும்போது சட்டைப்பையில் ஓர் அளவு டேப்பும், தன் பின்பலகையின் உயரம் எழுதிய தாளும் இருக்க வேண்டும்.

எந்தப் பெயர், எந்த மாடல்

எஞ்சினின் பெயரை விட, உதிரிப் பாகம் விற்கும் கடை எவ்வளவு அருகில் இருக்கிறது என்பது முக்கியம். யமஹா என்டியூரோ வரிசை தென்கரையில் இவ்வளவு பரவியதற்கு அதன் எளிய அமைப்பும், எல்லாத் துறைமுகத்திலும் கிடைக்கும் பாகங்களும் காரணம். கார்புரேட்டர் வைத்த டூ-ஸ்ட்ரோக் எஞ்சின்கள் புகைக் கட்டுப்பாட்டு விதிகளால் அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் புதிதாக விற்பனைக்கு வருவதில்லை. அங்கிருந்து கப்பலேறி வரும் பழைய எஞ்சின்களில் இங்கே யாரும் திறந்து பார்க்காத மாடல்களும் இருக்கும். எவின்ரூட் எஞ்சின் தயாரிப்பு 2020 மே மாதத்தில் நிறுத்தப்பட்டது. பளபளக்கும் எவின்ரூட் பாதி விலைக்குக் கிடைத்தாலும், கம்ப்யூட்டர் இணைத்துப் பார்க்கும் மெக்கானிக் ஊரில் இல்லை என்றால் அது வீட்டுத் திண்ணையில்தான் கிடக்கும்.

ஸ்டிக்கரை நம்பக் கூடாது. யமஹாவின் டூ-ஸ்ட்ரோக் 9.9-உம் 15-உம் ஒரே 246 சிசி, இரண்டு சிலிண்டர் எஞ்சின்தான். உள்ளே காற்றும் எண்ணெயும் போகும் வழியில்தான் வித்தியாசம். மேல் மூடியை மாற்றி 15 என்று விற்பது கடினமே இல்லை. கிளாம்ப் பிராக்கெட்டில் இருக்கும் தகட்டில் மாடலும் வரிசை எண்ணும் உண்டு. அந்த எண்ணைச் சொன்னால் பாகங்கள் விற்கும் கடைக்காரர் எஞ்சின் எந்த மாடல் என்று சொல்லிவிடுவார். தகடு சுரண்டப்பட்டிருந்தாலோ, காணவில்லை என்றாலோ அங்கேயே திரும்பிவிடுவது நல்லது. திருட்டு எஞ்சின் வாங்கியவர் எஞ்சினையும் இழப்பார், பணத்தையும் இழப்பார்.

கரையில் சோதனை

போகும் நேரத்தை முன்கூட்டியே சொல்லி, எஞ்சினை ஸ்டார்ட் செய்யாமல் வைக்கும்படி விற்பவரிடம் கேட்க வேண்டும். போனதும் மூடியைத் தூக்கி எஞ்சினைத் தொட்டுப் பார்க்க வேண்டும். "இப்பத்தான் ஓட்டி வச்சேன்ணே, ஒரே இழுப்புல புடிக்கும் பாருங்க" என்று சொன்னால், ஆறும் வரை டீ குடித்துவிட்டு வரலாம். சூடான எஞ்சின் தன் நோயைக் காட்டாது. குளிர்ந்த எஞ்சின் இரண்டு மூன்று இழுப்பில் பிடித்தால் போதும்.

மூடிக்குள்ளே வாசமும் நிறமும் நிறையச் சொல்லும். ஹெட் போல்ட்டுகளின் முனை தேய்ந்திருந்தால் எஞ்சின் திறக்கப்பட்டிருக்கிறது. அது குற்றமில்லை, ஏன் திறந்தார்கள், என்ன மாற்றினார்கள் என்று கேட்டால் போதும். புது பெயின்ட் அடித்திருந்தால் அதன் கீழே உப்பரித்த கொப்புளம் இருக்கிறதா என்று நகத்தால் அழுத்திப் பார்க்க வேண்டும். ஃபிளைவீலுக்கு அடியிலும் வயர் இணைப்புகளுக்குள்ளும் மணலும் பச்சைப் பாசியும் இருந்தால் எஞ்சின் ஒருமுறை முழுக்கக் கடலில் மூழ்கி எழுந்திருக்கலாம். 2017-இல் ஒக்கி, 2018-இல் கஜா போன்ற புயல்கள் எத்தனையோ படகுகளை எஞ்சினோடு தூக்கி எறிந்தன. உப்புத் தண்ணீர் குடித்த கிராங்க் பேரிங் கழுவி விற்ற நாளில் ஓடும், சில மாதத்தில் இறுகும். ஃபிளைவீலைக் கையால் பிடித்து மேலும் கீழும் அசைத்தால் ஆட்டம் தெரியக் கூடாது. மெதுவாகச் சுற்றும்போது கரகரப்பு கேட்கவும் கூடாது.

அடுத்து பிளக்குகள். இரண்டையும் கழற்றிப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் இரண்டும் ஒரே நிறத்தில், காய்ந்த மரப்பட்டை நிறத்தில் இருக்க வேண்டும். ஒன்று வெளுத்துச் சுண்ணாம்பாய் இருந்தால் அந்த சிலிண்டர் எண்ணெய் போதாமல் காய்ந்து ஓடுகிறது. ஒன்று ஈரக் கறுப்பாக இருந்தால் தீப்பொறி சரியில்லை, அல்லது ஆயில் கூடிவிட்டது. துருவோ தண்ணீர்த் துளியோ இருந்தால் ஹெட் காஸ்கெட்டோ உள் சுவரோ கசிகிறது.

பிளக் கழற்றிய துளையில் கம்ப்ரஷன் கேஜ் மாட்டிப் பார்ப்பது மிக முக்கியமான சோதனை. பிளக் வயர்களை எஞ்சின் உலோகத்தோடு இணைத்து வைத்துவிட்டு, த்ராட்டிலை முழுக்கத் திறந்து, முள் ஏறி நிற்கும் வரை கயிற்றைப் பலமுறை இழுக்க வேண்டும். எண் எவ்வளவு என்பதைவிட இரண்டு சிலிண்டருக்கும் எவ்வளவு வித்தியாசம் என்பதைக் கவனிக்க வேண்டும். மண்ணெண்ணெய் மாடலில் எண் இயல்பாகவே குறைவாக இருக்கும். இரண்டும் 10 சதவீதத்துக்குள் இருந்தால் எஞ்சின் ஆரோக்கியம். ஒன்று 100, இன்னொன்று 75 என்றால் சொன்ன விலைக்குப் பேசுவதில் பயனில்லை, அந்த சிலிண்டருக்குப் பிஸ்டனும் ரிங்கும் மாற்றும் செலவை முழுசாகக் கழித்துத்தான் பேச வேண்டும். கேஜ் வைத்திருக்கும் மெக்கானிக்கைக் கூலி கொடுத்து அழைத்துப் போவது வீண் செலவல்ல.

பிறகு கியர் பெட்டி. கீழ் ஸ்குரூவை லேசாகத் தளர்த்தி, வரும் ஆயிலில் கொஞ்சத்தை வெள்ளைக் கிண்ணத்தில் பிடிக்க வேண்டும். பழையது கறுப்பாக இருக்கலாம், அதனால் பாதகமில்லை. பால் கலந்த காபி நிறத்தில் வந்தால் தண்ணீர் உள்ளே போயிருக்கிறது. ஸ்குரூவின் காந்த முனையில் மெல்லிய சாம்பல் பூச்சு இருப்பது இயல்பு. கையில் உறுத்தும் செதில்கள் இருந்தால் பல்சக்கரம் உடைகிறது. தண்ணீர் போனதற்குப் பெரும்பாலும் ஒரே காரணம்தான்: விசிறியைக் கழற்றிப் பார்த்தால் தண்டைச் சுற்றித் தூண்டில் நரம்பு இறுகி, ஆயில் சீலை அறுத்திருக்கும். சீல் விலை சிறியது. அதைக் கவனிக்காமல் மாதக்கணக்கில் ஓட்டியிருந்தால் பல்சக்கரமும் பேரிங்கும் போயிருக்கும், அந்தச் செலவு பெரியது. விசிறித் தண்டு வளைந்திருக்கிறதா என்பதைக் கையால் சுற்றி, முனையை ஒரு குச்சியோடு ஒப்பிட்டுப் பார்த்தே தெரிந்துகொள்ளலாம்.

டிரம்மில் தண்ணீர் நிரப்பி எஞ்சினை இறக்கி ஓட்டும்போது பக்கவாட்டுத் துளையில் தண்ணீர் அழுத்தமாகப் பீய்ச்ச வேண்டும். விட்டு விட்டு வந்தால் உள்ளே இருக்கும் ரப்பர் இம்பெல்லரின் இறகுகள் மடிந்துவிட்டன, அல்லது தண்ணீர் போகும் வழியில் உப்புக் கட்டியிருக்கிறது. பாக் விரிகுடாவில் தாழை (கடற்புல்) அடர்ந்த இடங்களில் ஓடிய எஞ்சினுக்குத் தண்ணீர் உறிஞ்சும் சல்லடையில் இழை அடைத்துச் சூடேறிய வரலாறு இருக்கலாம். துளையில் ஒரு மெல்லிய கம்பியை விட்டுச் சுத்தம் செய்த பிறகும் பீய்ச்சல் பலவீனமாக இருந்தால், எஞ்சின் எத்தனை முறை சூடேறி இறுகியதோ என்று சந்தேகப்படலாம்.

கடலில் சோதனை, விசிறித் தேர்வு

டிரம்மில் ஓடிய எஞ்சின் கடலில் ஓடும் என்று சொல்ல முடியாது. வாங்குபவரின் படகிலேயே, வழக்கமாகப் போகும் பாரத்தோடு, ஒரு மணி நேரமாவது ஓட்டிப் பார்க்க வேண்டும். மணல் மூட்டை வைத்துப் பாரத்தைச் சரிக்கட்டலாம். முழு வேகத்தில் சிறிது நேரம், பாதி வேகத்தில் சிறிது நேரம், வலை விடும்போது ஓடும் அளவுக்கு மிக மெதுவாகப் பத்து நிமிடம் ஓட்ட வேண்டும். மெதுவோட்டத்தில் திக்கித் திணறி நிற்கும் எஞ்சின், வலை கையில் இருக்கும்போதுதான் நிற்கும். முழு வேகத்தில் கியர் தானாக நழுவினால் உள் பிடிமானம் தேய்ந்திருக்கிறது. கடைசியில் சூட்டோடு நிறுத்தி, பதினைந்து நிமிடம் கழித்து மறுபடி இழுத்துப் பார்க்க வேண்டும்.

இந்த ஓட்டத்தில் கையில் இரண்டு பொருட்கள் வேண்டும். ஒன்று, படகில் ஏற்கெனவே இருக்கும் ஜிபிஎஸ். இன்னொன்று, பிளக் வயரில் சுற்றினால் சுழற்சியைக் காட்டும் சிறிய டேக்கோமீட்டர். யமஹா என்டியூரோ 15 எஞ்சின் முழு த்ராட்டிலில் நிமிடத்துக்கு 4500 முதல் 5500 சுற்று வரை போக வேண்டும். பாரத்தோடு அந்த எல்லையை எட்டவில்லை என்றால் குற்றம் எஞ்சினில் இருக்கத் தேவையில்லை, விசிறி பொருந்தாமல் இருக்கலாம்.

ஒரு கணக்கில் இதைப் பார்க்கலாம். எஞ்சினில் 9¾ அங்குல பிட்ச் விசிறி இருக்கிறது. பிட்ச் என்பது விசிறி ஒரு சுற்றில் வழுக்காமல் முன்னேற வேண்டிய தூரம். பாரத்தோடு எஞ்சின் 4200 சுற்றுக்கு மேல் போகவில்லை. இதன் கியர் விகிதம் 2.08, ஆகவே விசிறி நிமிடத்துக்குச் சுமார் 2020 சுற்று சுற்றுகிறது. அதை 9¾ அங்குலத்தால் பெருக்கினால், வழுக்கலே இல்லாமல் படகு மணிக்கு 30 கிலோமீட்டர் போயிருக்க வேண்டும். ஜிபிஎஸ் காட்டுவதோ 15. பாதி வழுக்கலில் போய்விட்டது. பிட்ச் ஓர் அங்குலம் குறைந்தால் சுற்று 150 முதல் 200 வரை ஏறும். 8 அங்குல விசிறிக்கு மாற்றினால் எஞ்சின் தன் எல்லையின் விளிம்புக்கு வந்துவிடும், இழுவையும் கூடும்.

பாரம் இழுக்கும் மீன்பிடிப் படகுக்குப் பெரும்பாலும் குறைந்த பிட்ச்தான் ஒத்துவரும். சுற்று ஏறாத எஞ்சினை நாள்முழுக்க முழு த்ராட்டிலில் ஓட்டினால் கரி படியும், பேரிங் அடிவாங்கும். விசிறி மாற்றியதும் கையிலிருக்கும் 9.9 எஞ்சினே போதும் என்று தெரியவந்தால், அதைவிடக் குறைந்த செலவில் கிடைக்கும் மேம்பாடு வேறில்லை. புது எஞ்சின் தேடுவதற்கு முன்பே இந்தச் சோதனையைப் பழைய எஞ்சினில் செய்து பார்ப்பது நல்லது.

விலையும் தாளும்

விலை பேசும்போது எஞ்சின் விலையை மட்டும் பேசினால் கணக்கு தப்பும். இம்பெல்லர், பிளக், கியர் ஆயிலோடு சீல்கள், ரப்பர் பல்ப் உள்ள எண்ணெய்க் குழாய், பொருத்தமான விசிறி, பின்பலகைப் பலப்படுத்தல் எல்லாம் முதல் வாரத்திலேயே வரும் செலவு. ஒதுக்கி வைத்த பணத்தில் ஐந்தில் ஒரு பங்கை இதற்கென்று தனியே எடுத்து வைத்துவிட்டு, மீதிக்குள் எஞ்சினைத் தேடுவது பாதுகாப்பு.

தாள்களில் மூன்றைக் கேட்க வேண்டும். முதலாவது, எஞ்சின் எண் உள்ள அசல் ரசீது. இரண்டாவது, எஞ்சின் மீது வங்கிக் கடனோ கூட்டுறவுக் கடனோ இல்லை என்பதற்கான சான்று. மூன்றாவது, மானியத்தில் வாங்கிய எஞ்சின் என்றால் அதை விற்க நிபந்தனை ஏதும் இருக்கிறதா என்பதற்கு மீன்வளத் துறை அலுவலகத்தின் பதில். வாங்கிய பிறகு படகின் பதிவில் பழைய எஞ்சினின் எண்ணையும் குதிரைத்திறனையும் மாற்றிக்கொள்வதை ஒரு நாளும் தள்ளிப்போடக் கூடாது. கடலில் சோதனைக்கு நிறுத்தும்போதும், விபத்துக்குப் பிறகு காப்பீடு கேட்கும்போதும் பதிவில் உள்ள எண்தான் பேசும்.

எஞ்சின் கைக்கு வந்ததும் இம்பெல்லரை அது எந்த நிலையில் இருந்தாலும் மாற்றிவிட வேண்டும். கியர் ஆயிலைக் கீழ்த் துளை வழியாக ஏற்றி, மேல் துளையில் வழியும் வரை நிரப்ப வேண்டும், அப்போதுதான் உள்ளே காற்று தங்காது. ஒவ்வொரு நாளும் கரைக்கு வந்ததும் நல்ல தண்ணீரில் பத்து நிமிடம் ஓட்ட வேண்டும். முதல் 20 மணி நேர ஓட்டத்துக்குப் பிறகு கியர் ஆயிலை மறுபடியும் வெள்ளைக் கிண்ணத்தில் பிடித்துப் பார்க்க வேண்டும். பால் நிறம் மீண்டும் வந்தால் சீல் இன்னும் கசிகிறது, அடுத்த ஓட்டத்துக்கு முன் அதை மாற்ற வேண்டும். பழைய 9.9 நல்ல நிலையில் இருந்தால் முதல் சில மாதங்கள் அதை விற்காமல், எஞ்சின் நின்றால் மாட்டிக்கொள்ளத் தயாராக வீட்டிலேயே வைத்திருக்கலாம்.